தம்பி நீட்டிய கார்டு

ஐசலின், நியூ ஜெர்சி
18 செப்டம்பர் 2005

கர்த்தருக்குள் அன்பான தம்பி ரூஃபசுக்கு,

அக்கா எழுதுவது. உங்கள் வீட்டிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் இங்கே இருப்பது நான் ஒருத்தி, என் முழங்கால் சுகமில்லை. ரெபெக்கா நன்றாகச் சாப்பிடுகிறாளா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னை நிறுத்த முடியவில்லை. நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் "ஏக்கா, செனட்ல என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதம் என்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். மெயிலும் வேண்டாம். நீ தமிழில் அனுப்பிய மெயில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வந்தது. அதுவும் அரசியலாகத்தான் இருந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போடப்போகிறேன். யாருக்காக என்று உனக்குத் தெரியும். எனக்கு நர்ஸ் வேலையில் கிரீன் கார்டு கையில் வந்த அன்று ஜெரிஷுக்கு இருபத்தோரு வயது முடிந்து நாற்பது நாள். இருபத்தொன்று தாண்டினால் தாயின் கார்டோடு சேர்ந்து வர முடியாதாம். அந்த நாற்பது நாளுக்காக, அப்பாவும் இல்லாத பிள்ளையைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறினேன். நான் சிட்டிசன் ஆனால் அவனுடைய வரிசை பாதியாகக் குறையும் என்கிறார்கள். அதுவரை அவன் கல்யாணமும் செய்ய முடியாது. கிரீன் கார்டுக்காரியின் பிள்ளை தாலி கட்டினால் அந்த நிமிஷமே மனு செத்துவிடும். பார்த்து வைத்த பெண் வீட்டார் இரண்டு வருஷமாகப் பொறுத்திருக்கிறார்கள்.

நீ போன வருஷமே பரீட்சை எழுதி சிட்டிசன் ஆனவன். நூறு கேள்வியில் எனக்குப் புரியாததைக் கேட்கிறேன், பதிலை மட்டும் எழுது. "இன்றைய இரண்டு பெரிய கட்சிகள் எவை" என்ற கேள்விக்கு நீ அதிகாரியோடு சண்டை போட்டாயாமே, நிஜமா?

பாப்பாவின் ஞானஸ்நான விருந்தில் நீ செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பிரியாணிக்கும் கேக்குக்கும் நடுவில், தட்டைக் கீழே வைக்கக்கூட விடாமல், "ஏக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடு, சும்மா பேருக்குத்தான்" என்று கட்சி கார்டை நீட்டினாய். போட்டேன். உன் கட்சிக்கு நான் செய்யும் தொண்டு அதோடு சரி. அதன் பெயர்கூட எனக்கு நிற்கவில்லை.

ஜெபத்தில் உங்கள் மூவரையும் நினைக்கும்,
அக்கா ஜெயலீலா

*

சான் ஹோசே, கலிபோர்னியா
3 அக்டோபர் 2005

அன்பு அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டது, ரெபெக்காவுக்குப் பிடித்துக்கொண்டது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அதிகாரியோடு நான் சண்டை போடவில்லை. அவர் "இரண்டு பெரிய கட்சிகள் எவை" என்றார். இரண்டையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "ஆனால் சார், இந்தக் கேள்வியிலேயே ஒரு பாரபட்சம் இருக்கிறது" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இது சண்டையா?

யோசித்துப் பார் அக்கா. முப்பது கோடி ஜனத்துக்கு இரண்டே கட்சி. நம் ஊரில் ஒரு தெருவுக்கு மூன்று கொடிக்கம்பம். சின்னக் கட்சி என்றால் அங்கே ஒரு மரியாதை உண்டு. கூட்டணிக்குக் கூப்பிடுவார்கள், நாலு தொகுதியாவது கொடுப்பார்கள். இங்கே அதிக ஓட்டு வாங்கியவனுக்கே எல்லாம். நூற்றுக்குப் பத்துப் பேர் ஓட்டுப் போட்டாலும் சின்னக் கட்சிக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதைவிட அநியாயம், வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கே இந்த மாநிலத்தில் எழுபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர் சேர்க்க வேண்டும். ஜனவரி முதல் வாரம் கடைசித் தேதி. எங்களிடம் பாதிகூட இல்லை.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? ஞானஸ்நான விருந்தில் நான் ஒருவனே முப்பத்திநாலு கார்டு சேர்த்தேன்! கட்சியின் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வாய் பிளந்துவிட்டாள். கடை வாசலில் நாள் முழுக்க நின்று ஆறு கார்டு வாங்குகிறவர்கள் அவர்கள். "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டாள். "எங்க ஊர்ல உறுப்பினர் சேர்க்கை இப்படித்தாம்மா நடக்கும்" என்றேன். நானே உட்கார்ந்து எல்லாருடைய பெயர், விலாசம், கட்டம் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டால் அவர்களுக்குக் கையெழுத்து மட்டும்தானே வேலை.

இதோடு தனித்தாளில் மூன்று கிளைகள், செனட், கீழ்சபை, நியமன வழக்கம், எலக்டர்கள் தேர்வு முறை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம்தான். பக்கத்தைத் திருப்பிவிடாதே.

அன்புடன்,
ரூஃபஸ்

*

ஐசலின்
22 அக்டோபர் 2005

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், முழங்கால் அப்படியே. ரெபெக்காவுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு. வைக்கத் தெரியாவிட்டால் வாங்கியாவது கொடு.

ஒன்பது பக்கம் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்று தேடினேன். அதைத் தவிர எல்லாம் இருக்கிறது. கடைசியில் கூட வேலை செய்யும் தனபாக்கியம் அக்காவைக் கேட்டேன், "ஒம்பது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அவர்கள்தான் ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் டீ குடித்தபடி என் விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறார்கள். உன்னைப் போல் இல்லை, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, என்னிடம் கேட்டுத்தான் எழுதுகிறார்கள்.

"எப்போதாவது அமெரிக்கப் பிரஜை என்று சொல்லிக்கொண்டது உண்டா?" இல்லை. "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தது உண்டா?" இல்லை. "எப்போதாவது ஏதேனும் சங்கம், அமைப்பு, கட்சியில் உறுப்பினராக இருந்தது உண்டா?" இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சபையின் பெண்கள் ஐக்கியத்தை எழுதினோம். நர்ஸ்கள் சங்கத்தை எழுதினோம். பிறகு உன் கார்டு நினைவுக்கு வந்தது. தனபாக்கியம் அக்கா "எதுக்கு வம்பு, விட்டுரு" என்றார்கள். கேட்டதற்கு உள்ளதை எழுதுவோம் என்றேன். பெண்கள் ஐக்கியத்தை எழுதுகிறவள் கட்சியை ஏன் மறைக்க வேண்டும்?

உன் கட்சியின் முழுப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பு. இரண்டு வாரம் காத்திருப்பேன். நவம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை, பெயர் வந்தாலும் வராவிட்டாலும் தபாலில் சேர்த்துவிடுவேன். பெண் வீட்டாருக்கு நாள் சொல்லியாக வேண்டும்.

பெயர் மட்டும் போதும். கொள்கை வேண்டாம்.

பாப்பாவுக்கு முத்தங்கள்,
அக்கா

*

சான் ஹோசே
12 நவம்பர் 2005

அன்புள்ள மதினி அவர்களுக்கு,

ரெபெக்கா எழுதுவது. உங்கள் ஜெபத்தால் எங்களுக்குச் சுகம் தந்திருக்கிறார் கர்த்தர். பாப்பா இப்போது குப்புற விழுகிறாள். விழுந்துவிட்டு நிமிரத் தெரியாமல் அழுகிறாள்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அவர்களைப் பதில் எழுதச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "எழுதுறேன், எழுதுறேன்" என்கிறார்கள். உங்கள் கடிதத்தை எடுத்து வாசிக்கிறார்கள், மறுபடி மடித்து வைக்கிறார்கள். நீங்கள் போன் பண்ணியபோது குளிக்கிறார்கள் என்று சொன்னது நான்தான். சொல்லச் சொன்னார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் வெள்ளியங்கிரி அண்ணன் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். விருந்தில் பாயசம் மூன்று தடவை கேட்டு வாங்கினாரே, அவர்தான். கேரேஜில் நின்று பேசினார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இவர்கள் கட்சிக் கூட்டத்துக்கும் போவதில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் பெயருக்கு இங்கே கவுண்டி அலுவலகத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. அவர்களிடம் கொடுத்தேன். அனுப்பி வைத்தார்களா?

தங்கள் அன்பு,
ரெபெக்கா

*

ஐசலின்
25 நவம்பர் 2005

ரூஃபசுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று உன் மனைவியின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். நிறையக் குளிக்கிறாய் என்பதும் தெரிந்தது. நான்கு முறை போன் பண்ணினேன், நான்கு முறையும் குளியல். இனி உன் உடம்பில் தோல் மிச்சம் இருக்குமா என்றுதான் கவலை.

கட்சியின் பெயர் வரவில்லை. ஐந்தாம் தேதி மதியம் வரை பார்த்துவிட்டு, "கலிபோர்னியாவில் ஒரு சிறிய கட்சி" என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். தனபாக்கியம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெயர் கேட்டேன் தம்பி, ஒரே ஒரு பெயர். கேட்காதபோது ஒன்பது பக்கம் எழுதுகிறாய், கேட்டால் ஒரு வரி இல்லை.

என் பெயருக்கு உங்கள் ஊர் அலுவலகத்திலிருந்து என்ன கார்டு? அங்கே எனக்கு வீடா வாசலா? ஆறு வாரம் வந்து உன் பிள்ளைக்குத் துணி மாற்றியதற்குப் பாராட்டுப் பத்திரமா? அதை இங்கே அனுப்பு.

ஜெரிஷ் போன வாரம் பேசினான். "ஆகிரும்லம்மா?" என்று கேட்டான். ஆகிவிடும் என்று சொன்னேன்.

அக்கா

*

சான் ஹோசே
19 டிசம்பர் 2005

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் வேலை அதிகம்.

இந்த வருஷம் ரெபெக்கா வீட்டிலேயே கேக் செய்தாள். முந்திரி, திராட்சை எல்லாம் போன மாதமே ஊறவைத்தாள். ஓவனில் வைத்தபோது ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. ருசி நன்றாக இருந்தது. உனக்கு அனுப்பலாம் என்றால் தபாலில் உடைந்துவிடும். பாப்பாவுக்குச் சிவப்புக் கவுன் வாங்கினோம். இங்கே மழை. சர்ச்சில் இந்த முறை தமிழ்ப் பாட்டு ஆராதனை வைக்கிறார்கள், எனக்குத் தபேலா கொடுத்திருக்கிறார்கள்.

கட்சி வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட கார்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்டர்வியூ தேதி வந்தால் உடனே எனக்குச் சொல். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்றும் விசாரித்து வை. அவசரமில்லைதானே?

அன்புடன்,
ரூஃபஸ்

*

ஐசலின்
8 ஜனவரி 2006

தம்பிக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். பாப்பாவின் போட்டோ கிடைத்தது, சிவப்புக் கவுன் அழகு.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கேக் ஒரு பக்கம் எழும்பியதை எழுதியிருக்கிறாய். மழை பெய்ததை எழுதியிருக்கிறாய். செனட் இல்லை. கீழ்சபை இல்லை. எட்டு வயதில் பள்ளிக்கூடத் தலைவர் தேர்தலில் தோற்றுவிட்டு மறு எண்ணிக்கை கேட்டவன் நீ. கல்லூரியில் படிக்கும்போது ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, செத்துப் போய் ஒரு வருஷமான நாகரத்தினம் தாத்தாவையும் கட்சியில் சேர்த்தவன் நீ. அப்படிப்பட்டவன் இரண்டு பக்கம் முழுக்க அரசியல் இல்லாமல் எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. மார்ச் பதினான்கு, நியூவார்க். ஏன் தள்ளிப்போட வேண்டும்? அவசரமில்லையா? ஜெரிஷுக்கு இருபத்தாறு வயது ஆகிறது. பெண் வீட்டார் ஈஸ்டர் வரைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேள்விகளைச் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்காருகிற குஜராத்தி அம்மாளுக்கே எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. இவ்வளவு பாடுபடுகிறேன், நீ எதையோ மறைக்கிறாய். அந்தக் கார்டில் என்ன இருக்கிறது? குளிக்காமல் உட்கார்ந்து எழுது.

அக்கா

*

சான் ஹோசே
24 ஜனவரி 2006

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது.

நான் நீட்டிய கார்டு கட்சி கார்டு இல்லை. இங்கே கட்சி தனியாக உறுப்பினர் சீட்டுப் போடுவதில்லை. வாக்காளர் பதிவு கார்டிலேயே எந்தக் கட்சி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி போட்டால் அதுதான் உறுப்பினர் சேர்க்கை. நம் ஊரில் வாக்காளர் பட்டியல் சர்க்காருடையது, கட்சி ரசீது கட்சியுடையது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பழக்கத்தில் நான் முப்பத்திநாலு கார்டையும் மடமடவென்று நிரப்பினேன். மேலே இரண்டு கட்டம். ஒன்று, அமெரிக்கப் பிரஜையா? இரண்டு, பதினெட்டு வயது ஆகிவிட்டதா? எல்லாருக்கும் இரண்டிலும் ஆம் என்று போட்டேன். உன் சோஷியல் செக்யூரிட்டி நம்பரின் கடைசி நாலு எண்ணைக் கேட்டேனே, அதற்குத்தான். விலாசத்துக்கு என் வீட்டை எழுதினேன். கீழே நீ கையெழுத்துப் போட்டாய்.

ஆக, நீ இந்த நாட்டுப் பிரஜை என்று கையெழுத்துப் போட்டு, இந்தக் கவுண்டியில் வாக்காளராகப் பதிவாகியிருக்கிறாய். வந்த கார்டு அதற்கான அறிவிப்பு. வெள்ளியங்கிரி அண்ணனும் கிரீன் கார்டுதான். அவருக்கும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்று கேரேஜில் கத்தினார். "யோவ், என்னை நாடு கடத்தப் பாக்கறயா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடையதையும் உன்னுடையதையும் இன்னும் ஒருவருடையதையும் ரத்து செய்யச் சொல்லி எழுதிவிட்டேன். ரத்தாகிவிட்டது.

வக்கீலிடம் கேட்டேன். பிரஜை என்று பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால் குடியுரிமையும் போகும், கிரீன் கார்டும் போகலாம் என்றார்.

ஆனால் அக்கா, ஒன்று யோசித்தேன். அது கலிபோர்னியா, உன் இன்டர்வியூ நியூ ஜெர்சியில். பதிவும் ரத்தாகிவிட்டது. நீ ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. விண்ணப்பத்தில் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாய், அங்கேயும் இல்லை என்றே சொல்லிவிட்டால் யார் தோண்டப் போகிறார்கள்?

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

ரூஃபஸ்

*

ஐசலின்
1 பிப்ரவரி 2006

ரூஃபஸ்,

திட்டுவதற்கு அனுமதி கொடுத்ததற்கு நன்றி.

கார்டை நீட்டியதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. நீ ஒரு கிறுக்கன். உனக்கு மேலே ஒரு கொடி பறந்தால் கீழே பள்ளம் இருப்பது தெரியாது. அது எனக்கு நீ பிறந்ததிலிருந்தே தெரியும். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரைக்கு மூன்று தடவை சீட்டைப் பார்க்கிறவள், தம்பி நீட்டினான் என்று பார்க்காமல் போட்டேன்.

நாட்கணக்கைப் பார்க்கிறேன். வெள்ளியங்கிரி வந்து கத்தியது அக்டோபரில். அதே மாதக் கடைசியில் என் கடிதம் உன் கையில். அதில், "வாக்காளராகப் பதிவு செய்தது உண்டா? இல்லை" என்று நான் எழுதியிருந்ததை நீ வாசித்தாய். ஐந்தாம் தேதி அனுப்பப் போகிறேன் என்பதையும் வாசித்தாய். ஒரு போன். "ஏக்கா, அனுப்பாத" என்று இரண்டு வார்த்தை. ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருந்தது. நீ குளித்தாய்.

கையெழுத்துப் போட்டபோது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விண்ணப்பத்தில் இப்போது ஒரு பொய் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை, உன் மௌனம் எழுதியது. மூன்று மாதம் பஸ்ஸில் உட்கார்ந்து நான் செனட்டர்களின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், நீ தெரிந்துகொண்டே கேக்கைப் பற்றி எழுதினாய். எனக்கு அழுகை வருகிறது, அதைவிட எரிச்சல் வருகிறது.

யாரும் தோண்ட மாட்டார்கள் என்கிறாயே. கையைத் தூக்கி சத்தியம் செய்துவிட்டு இல்லை என்று சொல்லச் சொல்கிறாய். ஒன்பது பக்கம் எனக்கு அரசியல் சட்டம் எழுதி அனுப்பியவன் நீதானா? பாரபட்சமான கேள்வி என்று அதிகாரிக்கே பாடம் எடுத்தவன் எங்கே போனான்?

நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன். நீ ஒரு காரியம் செய். கார்டை நிரப்பியது நான், கட்டத்தில் குறி போட்டது நான், என் அக்கா வாசிக்கவில்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாசித்துவிட்டுப் போடு.

ஜெயலீலா

*

சான் ஹோசே
26 பிப்ரவரி 2006

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரெபெக்கா உன்னோடு போனில் பேசியதாகச் சொன்னாள். என்னோடு பேச வேண்டாம் என்று நீ சொன்னதையும் சொன்னாள்.

பிரமாணம் இதோடு இருக்கிறது. மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். இதில் கையெழுத்துப் போட்டால் என் மேலேயே வழக்கு வரலாம் என்று வக்கீல் சொன்னார். பயந்தேன். பாப்பாவைப் பார்ப்பேன், பேனாவை மூடி வைப்பேன். போன வாரம் ரெபெக்கா உன் கடிதத்தை வாசித்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறி, நோட்டரி ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, "எறங்குங்க" என்றாள்.

பதின்மூன்றாம் தேதி நியூவார்க் வருகிறேன். உள்ளே விட மாட்டார்கள். வெளியே உட்கார்ந்திருக்கிறேன், அதிகாரி என்னைக் கூப்பிட்டால் ஆள் இருக்கட்டும்.

ரூஃபஸ்

*

ஐசலின்
2 ஏப்ரல் 2006

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ரெபெக்கா, பாப்பா, நீ மூவரும் நலம்தானே. என் முழங்கால் இந்த வாரம் பரவாயில்லை.

அன்று நீ நாலு மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். காரில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உன்னை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன். சொல்ல மனமில்லை. இப்போது எழுதுகிறேன்.

அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கேள்விகளில் ஆறு கேட்டாள், ஆறும் சொன்னேன். இரண்டு பெரிய கட்சிகள் எவை என்றும் கேட்டாள். இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு விண்ணப்பத்தை எடுத்தாள். ஒரு விடை தப்பு, திருத்த வேண்டும் என்று நானே சொன்னேன். உன் பிரமாணத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களா?"

"ஆமாம்."

"நீங்கள் நர்ஸ். மருந்துச் சீட்டைப் படிக்காமல் ஊசி போடுவீர்களா?"

"மாட்டேன். ஆனால் மருந்துச் சீட்டை என் தம்பி நீட்டுவதில்லை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முடிவு இன்றைக்குச் சொல்ல முடியாது, மேலே அனுப்ப வேண்டும், மாதங்கள் ஆகலாம் என்றாள். என் வக்கீல் பிறகு இன்னொன்று சொன்னார். பைல் முடியும் வரை நான் இந்த நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் நிறுத்தினால் உள்ளே விடாமலே அனுப்பிவிடலாமாம்.

ஜெரிஷிடம் தாமதம் ஆகும் என்று மட்டும் சொன்னேன். "போதும்மா. எனக்கு அமெரிக்கா வேண்டாம். அவளுக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது. நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். நீங்க வந்து நின்னா போதும்" என்றான். அவன் மனு அந்த நாளோடு செத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சரி என்றேன். ஆறு வருஷமாக இழுத்துப் பிடித்ததைச் சரி என்ற ஒரு வார்த்தையில் விட்டேன். மே பதினெட்டு, வியாழக்கிழமை, பாளையங்கோட்டையில்.

நான் போக முடியாது. என் ஒரே பிள்ளையின் கல்யாணத்துக்கு நான் போக முடியாது தம்பி. அதை எழுதி எழுதி நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ போகிறாய். ரெபெக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு வாரம் முன்னாடியே போ. தாய்மாமன் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடத்திப் போக அவனுக்கு அப்பாவும் இல்லை, நானும் இல்லை. நீ நட. தாய்மாமன் மோதிரத்தை அவன் விரலில் நீ போடு. என் பட்டுப்புடவை ஒன்றை ரெபெக்காவுக்கு அனுப்புகிறேன், அதை அவள் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காரட்டும். விருந்தில் யாரிடமும் கட்சி பேசாதே. மே மாதம் தமிழ்நாட்டில் தேர்தல் முடிந்த சூடு இருக்கும், உனக்கு வாய் நிற்காது, எனக்குத் தெரியும். நிறுத்து.

அவன் உன்னிடம் கேட்பான். அம்மா ஏன் வரவில்லை என்று முதல் கேள்வியே அதுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, லீவு கொடுக்கவில்லை என்று சொல். கார்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவன் முன்னால் அழுதுகொண்டு நிற்காதே. அதிகாரியிடம் உண்மையைச் சொன்னவள் பிள்ளையிடம் பொய் சொல்லச் சொல்கிறாளே என்று எனக்குப் பாடம் எடுத்து ஒன்பது பக்கமும் எழுதாதே.

அவனுக்கு இருப்பது ஒரு மாமா. அந்த மாமாவை அவன் வெறுக்கக் கூடாது. வேலையை விட்டு வராத அம்மா என்று என் மேல் கோபம் வரட்டும். என் மேல் கோபம் என்றால் போன் பண்ணித் திட்டுவான். திட்டட்டும். அவன் குரலையாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மூவரையும் கர்த்தர் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவரட்டும்.

அக்கா